இருபது பை-இன் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு கிங். நடுச்சீட்டு ஒன்றுகூட விரியவில்லை, அதற்குள் இருவரும் முழுப் பணத்தையும் உள்ளே தள்ளிவிட்டீர்கள். டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கரில் இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். ஏஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ 82% தடவை ஜெயிப்பார். ஆனால் இதே நிலைமை ஐந்து தடவை வந்தால், குறைந்தது இரண்டில் தோற்பதற்கான நிகழ்தகவு 22%. ஒரு தப்பும் செய்யாமலே இரண்டு தடவை முழுப் பணமும் போய்விடலாம். இதைத் தாங்குவதற்காக ஒதுக்கி வைக்கும் பணத்துக்குத்தான் பேங்க்ரோல் என்று பெயர். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எதுவும் அதில் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் கீழே வரும் கணக்கு எதுவும் செல்லாது.

ஆன்லைனில் ஆடுகிறவர்கள் பலரும் சொல்லும் அறிவுரை: "ஒரு நிலையில் ஆட 20 பை-இன் வைத்துக்கொள்." பை-இன் என்றால் மேஜையில் உட்காரக் கொண்டுபோகும் பணம், வழக்கமாக 100 பிக் பிளைண்ட் (பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டும் தொகை; சுருக்கமாகப் பிளைண்ட். இங்கே எல்லாக் கணக்குக்கும் அதுவே அளவுகோல்). 10, 25, 50, 100, 200 டாலர் என்று பை-இன் ஏறிக்கொண்டே போகும் ஏணியில் எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதையும் இதே விதியை வைத்து முடிவு செய்கிறார்கள். ஏன் 20? 15 ஏன் இல்லை, 50 ஏன் இல்லை? இதற்குத் திட்டவட்டமான பதில் இருக்கிறது. அதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது.

முதலில் மேஜையைப் பார்ப்போம். சிக்ஸ்-மேக்ஸ் மேஜையில் அதிகபட்சம் ஆறு பேர். மேஜையின் ஒவ்வொரு முழுச் சுற்றிலும் ஒவ்வொருவரும் ஒரு பிக் பிளைண்டும் அரை பிளைண்டும் கட்டாயமாகக் கட்ட வேண்டும். ஒன்பது பேர் மேஜையில் இந்தச் செலவு 100 ஹேண்டுக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட்) சுமார் 17 பிளைண்ட், ஆறு பேர் மேஜையில் 25. நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கிறேன் என்றால் காத்திருப்பதற்கே அவ்வளவு போய்விடும். அதனால் நடுத்தரச் சீட்டுகளையும் ஆட வேண்டும், அடிக்கடி மோத வேண்டும். ஏற்ற இறக்கம் கூடுவது இப்படித்தான். பள்ளியில் படித்த திட்ட விலக்கம் நினைவிருக்கும்: முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத சிக்ஸ்-மேக்ஸ் நோ-லிமிட் ஆட்டத்தில் அது 100 ஹேண்டுக்கு ஏறத்தாழ 100 பிளைண்ட், அதாவது ஒரு முழு பை-இன். ஆளுக்கு ஆள், பாணிக்குப் பாணி இது கொஞ்சம் மாறும். நாம் 100 என்றே வைத்துக்கொள்வோம்.

வெற்றி வேகமோ மிகச் சிறியது. 100 ஹேண்டுக்கு 5 பிளைண்ட் சம்பாதிப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்று தயங்காமல் சொல்லலாம். வரவு 5, ஏற்ற இறக்கம் 100.

இதை ஒரு காசு சுண்டுதலாக மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு 100 ஹேண்டும் ஒரு சுண்டுதல். பூ விழுந்தால் ஒரு பை-இன் வரும், தலை விழுந்தால் ஒரு பை-இன் போகும். பூ விழும் வாய்ப்பு 52.5%, தலைக்கு 47.5%. சராசரி லாபம் சுண்டுதலுக்கு 5 பிளைண்ட், திட்ட விலக்கம் ஏறத்தாழ ஒரு பை-இன். நல்ல ஆட்டக்காரரின் முழுத் தொழிலும் இந்தச் சற்றே கோணலான காசுக்குள் அடங்கிவிடுகிறது. 10,000 ஹேண்ட் ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 31%. ஒரு லட்சம் ஹேண்டுக்குப் பிறகுகூட சுமார் 6%. மேஜைக்கு மணிக்கு 75 ஹேண்ட் வீதம் நான்கு மேஜைகளில் ஆடினால் ஒரு லட்சத்துக்கு 330 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் காசோடு விளையாடினால் பேங்க்ரோல் என்றாவது தீர்ந்துபோகும் ஆபத்து எவ்வளவு? இதே வகைக் கேள்வியை டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657-லேயே எழுதிவைத்தார். இருவரிடமும் பன்னிரண்டு பன்னிரண்டு காசு. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு கூட்டுத்தொகை விழுந்தால் ஒருவருக்குக் காசு, இன்னொரு கூட்டுத்தொகை விழுந்தால் மற்றவருக்கு. முதலாவது 27 வழிகளில் விழும், மற்றது 15 வழிகளில். யார் முதலில் வெறுங்கையாவார்? 15-ஐ 27-ஆல் வகுத்து, அதைப் பன்னிரண்டு தடவை தன்னாலேயே பெருக்கினால் விடை வந்துவிடும்: சாதகம் உள்ளவருக்கு 1157, மற்றவருக்கு 1. பன்னிரண்டே காசு அவ்வளவு பெரிய அரணாகிறது, ஏனென்றால் அங்கே சாதகம் பெரியது.

போக்கருக்கும் அதே வழிதான். 47.5-ஐ 52.5-ஆல் வகுத்து, எத்தனை பை-இன் இருக்கிறதோ அத்தனை தடவை பெருக்க வேண்டும். 10 பை-இன் என்றால் தீர்ந்துபோகும் ஆபத்து சுமார் 37%. 20 என்றால் 13.5%, 30 என்றால் 5%, 40 என்றால் 1.8%. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு 10 பை-இன்னும் ஆபத்தை முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலான அளவுக்குச் சுருக்குகிறது.

ஆட்டக்காரரின் வேகம் 5 இல்லாமல் 2.5 ஆக இருந்தால்? அதே 20 பை-இன்னுக்கு ஆபத்து 37% ஆகிவிடுகிறது. பழைய 13.5 சதவீதத்துக்கு வர 40 பை-இன் வேண்டும். வேகம் பாதியானால் தேவை இருமடங்கு. வேகம் பூஜ்யம் என்றால் எவ்வளவு பெரிய பேங்க்ரோலும் காலப்போக்கில் தீரும். ஒவ்வொரு பானையிலிருந்தும் (ஒரு ஹேண்டில் நடுவில் சேரும் பந்தயப் பணம்) ஆன்லைன் தளம் எடுத்துக்கொள்ளும் ரேக் என்ற கழிவு காரணமாக, ஆடுகிறவர்களில் பெரும்பகுதியினர் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேங்க்ரோல் விதிகள் தோல்வியைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. லாபத்தை மாதாமாதம் முழுவதும் வெளியே எடுப்பவரின் கதையும் இதேதான். அவர் மேஜையில் ஜெயிக்கிறார், ஆனால் பேங்க்ரோலின் வேகம் பூஜ்யம்.

எனக்கு மிகவும் பிடித்த, மனதைக் கொஞ்சம் பிசையும் எண் ஒன்று உண்டு. 5 வேகத்தில் ஜெயிப்பவரின் நீண்ட ஆட்ட வாழ்வில் ஏதோ ஒரு நாளைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பாருங்கள். அன்று அவர் தன் உச்சத்திலிருந்து சராசரியாக 10 பை-இன் கீழே இருப்பார். 2.5 வேகக்காரர் 20 பை-இன் கீழே. ஜெயிப்பவரின் சாதாரண நாளே இப்படித்தான் இருக்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம்.

சரி, பொறிக்கு வருவோம். இதுவரை பார்த்த ஆபத்து, பணம் குறைந்தாலும் அதே நிலையில் விடாப்பிடியாக ஆடுபவருக்கானது. பணம் குறையும்போது கீழே இறங்குபவருக்குக் கணக்கு வேறு. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் அனுப்பும் வேகத்தைப் பற்றிய ஆய்வு அது. ஆனால் அதிலிருந்து பந்தயத்துக்கான விதி ஒன்று பிறந்தது: கையிலுள்ள பணத்தில் இத்தனை பங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் வைத்தால் பணம் மிக வேகமாக வளரும். நம் காசுக்கு அந்தப் பங்கு ரொம்ப எளிது. ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்தால் போதும். 52.5 கழித்தல் 47.5, அதாவது 5%. இருபதில் ஒரு பங்கு. இருபது பை-இன்!

ஆக 20 என்ற எண் 5 வேகத்தில் ஜெயிப்பவருக்கான உச்சவேக எண். 2.5 வேகக்காரரின் வாய்ப்பு 51.25%, அவருக்குக் கெல்லி சொல்லும் பங்கு 2.5%, அதாவது 40 பை-இன். அவரும் நண்பர் சொன்னார் என்று 20 பை-இன் விதியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? 80 சுண்டுதல் எடுத்துக்கொள்வோம். அவருக்கு 41 பூ, 39 தலை. ஒவ்வொரு பூவுக்கும் பணம் 5% கூடுகிறது, ஒவ்வொரு தலைக்கும் 5% குறைகிறது. ஒரு பூவும் ஒரு தலையும் சேர்ந்தால் 1.05 பெருக்கல் 0.95, அதாவது 0.9975. சமமாக முடிந்தாலும் கால் சதவீதம் கரைகிறது. இப்படி 39 ஜோடி கரைத்ததையும் மீதமுள்ள இரண்டு பூ கூட்டியதையும் சேர்த்துப் பெருக்கினால் விடை 1.000. பணம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. 8,000 ஹேண்ட் உண்மையாகவே நன்றாக ஆடி, ஜெயித்து, ஏணியில் ஏறி இறங்கி, கடைசியில் வளர்ச்சி பூஜ்யம். அதே மனிதர் 40 பை-இன் வைத்திருந்தால் அதே 80 சுண்டுதலில் பணம் 2.5% கூடியிருக்கும்.

தன் உண்மையான வேகம் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஒரு லட்சம் ஹேண்ட் ஆடிய பிறகும் கணக்கில் தெரியும் வேகம் 3 பிளைண்ட் இப்படியோ அப்படியோ இருக்கலாம். 5 என்று காட்டுவது உண்மையில் 2 ஆக இருக்கக்கூடும். அதனால்தான் 20-ஐ நான் அடித்தளமாக ஏற்க மாட்டேன். கெல்லி சொல்லும் பங்கில் பாதியை மட்டும் வைத்து, 40 பை-இன்னோடு ஆடும் 5 வேகக்காரருக்கு உச்ச வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைக்கிறது. பணம் என்றாவது பாதியாகும் வாய்ப்போ 50 சதவீதத்திலிருந்து 12.5-க்கு இறங்குகிறது. இந்தப் பேரம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கிறிஸ் ஃபெர்குசன், 2006-ல் கையில் ஒரு டாலர்கூட இல்லாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலரை எட்டிக் காட்டினார். சுமார் 16 மாதம் ஆனது. பேங்க்ரோலில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேஜைக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவர் விதி. அதைவிட நுட்பமானது அவருடைய இன்னொரு விதி: மேஜையில் உள்ள பணம் பேங்க்ரோலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க மேஜையில் பணம் குவிகிறது, ஒரே ஹேண்டில் போகக்கூடிய பங்கும் கூடவே பெருகுகிறது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஏணியில் ஏறுவதில் இன்னொரு கஷ்டம், படிகள் சீராக இல்லை. ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு, சில சமயம் இரண்டரை மடங்கு. மேலே ரேக்கின் பாரம் பிளைண்ட் கணக்கில் குறையும், ஆனால் எதிராளிகள் கெட்டி. வேகம் பொதுவாகச் சரியும். அதனால் பலர் ஒரு சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்க்கிறார்கள். 50 டாலர் மேஜையில் ஆடுபவரிடம் 2,500 டாலர் இருக்கிறது என்போம். 100 டாலர் மேஜைக்கு 5 பை-இன் மட்டும், 500 டாலர். அது போனால் திரும்பி வந்துவிட வேண்டும். அப்போதும் கையில் 2,000, பழைய நிலைக்கு 40 பை-இன். மேலே அவர் வேகம் 2.5 என்றால், 5 பை-இன் ஜெயிப்பதற்கு முன் 5 பை-இன் தோற்கும் வாய்ப்பு 44%. வேகமே இல்லாத ஒருவருக்கு அது 50%. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு சின்ன இடைவெளி பாருங்கள்! முயற்சி பலித்ததா, தோற்றதா என்பதை வைத்து அந்த நிலைக்குத் தகுதி இருக்கிறதா என்று தீர்மானிக்க முடியாது.

தோற்றுத் திரும்பியவர் இழந்த 500 டாலரைப் பழைய மேஜையில் 10 பை-இன்னாகத் தேட வேண்டும். 5 வேகத்தில் அது சராசரியாக 20,000 ஹேண்ட். அதே நான்கு மேஜைக் கணக்கில் ஏறத்தாழ 67 மணி நேரம். அப்புறம் மறுபடி 2,500 ஆனதும், அதே 5 பை-இன்னோடு, அதே 44 சதவீதத்தை எதிர்பார்த்து மேலே போகலாம்.