லைப்ரரி சீட் புக்கிங் ஆப்: திரை வரையும் முன் விதியை யோசியுங்கள்

கல்லூரி லைப்ரரியில் இடம் புக் செய்ய ஆப் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் திரையை வரைந்து எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மேசைகளின் படம், காலி என்றால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு, கீழே ஒரு பட்டன். கோவையில் கல்லூரிகளுக்கு ஆப் வடிவமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் திரை வரைவது சின்ன வேலை. புக்கிங் எத்தனை மணிக்குத் திறக்கும், ஒருவர் எவ்வளவு நேரம் எடுக்கலாம், எடுத்துவிட்டு வராவிட்டால் என்ன ஆகும் என்ற விதிகளில்தான் எல்லாம் இருக்கிறது. அவற்றை மேலோட்டமாக எழுதினால், ஏற்கெனவே சிரமப்பட்டுப் படிக்கிற பிள்ளைகள்தான் வாசலில் நிற்பார்கள்.

நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வு சமயத்தில்தான் ரீடிங் ஹாலுக்கு நெருக்கடி. அந்த வாரங்களில் ‘நாளைய சீட் நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும்’ என்று வைத்தால் என்ன நடக்கும்? ஹாஸ்டலில் வைஃபையோடு விழித்திருப்பவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அன்னூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண் அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்து பார்த்தால் எல்லாமே சிவப்பு. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க ஓர் அறை இல்லாத அவளுக்குத்தான் அந்த மேசை மிகவும் தேவை.

எங்கள் பக்கத்தில் டே ஸ்காலர்களின் நாள் பஸ்ஸை வைத்துத்தான் ஓடும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்ஸை நம்பி வரும் மாணவிக்கு, வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை கிடைக்கிற முக்கால் மணி நேரம்தான் படிப்பு நேரம். மூன்று மணி நேர ஸ்லாட் மட்டும் கொடுத்தால் அவளுக்கு அது எதற்கும் உதவாது. மகளிர் ஹாஸ்டல் கேட்டைச் சீக்கிரமே பூட்டிவிடும் வளாகங்களில் இரவு ஸ்லாட் முழுக்கப் பையன்களுக்குப் போய்விடும். அதனால் கல்லூரிகளிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதுதான்: புக்கிங்கை மதிய இடைவேளையில் திறங்கள். பாதி இடங்களை ஆப்பில் போடவே வேண்டாம், நேரில் வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். தேர்வு வாரத்தில் கூட்டம் மிஞ்சினால் குலுக்கல் போடுங்கள். இந்த வாரம் கிடைக்காதவருக்கு அடுத்த வாரம் முன்னுரிமை கொடுங்கள்.

ஆப்பைப் பற்றி முதலில் பேச வேண்டியது, ரீடிங் ஹாலில் நாள் முழுக்க இருக்கும் லைப்ரரி உதவியாளரிடம். அப்படி ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “ஏனுங் தம்பி, ஆப்புல காலின்னு காட்டுவீங்க. இங்க பேக்கு உக்காந்துட்டு இருக்குமே, அதை ஆருங்க எந்திரிக்கச் சொல்றது?”

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் ரீடிங் ஹாலில் பேக் வைப்பதும். ஆப் வந்தால் அந்தப் பழக்கம் போய்விடாது, போனுக்குள் வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து நாலு மேசையை எடுப்பார்கள், இரண்டு பேர் வரமாட்டார்கள். மேசை சும்மா கிடக்கும், வெளியே நிற்பவருக்குத் திரை ‘இடமில்லை’ என்று சொல்லும். அபராதத்தால் இது தீராது. 15 நிமிடத்துக்குள் வந்து கியூஆரை ஸ்கேன் செய்யாவிட்டால் இடம் தானாக விடுபட வேண்டும். மேசையில் ஒட்டிய கியூஆரை ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே ஸ்கேன் செய்துவிடலாம். ஹால் வாசலில் ஒரு சின்னத் திரை வைத்து, சில நொடிக்கு ஒருமுறை மாறும் கியூஆரைக் காட்டுவது நல்லது. ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். கான்கிரீட் கட்டடத்துக்குள் அது பல மீட்டர் பிசகும். ஆள் இரண்டாவது மாடியில் இருக்கிறாரா, கீழே கேன்டீனில் இருக்கிறாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நோட்டிஃபிகேஷனும் அப்படித்தான். பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணி ஆப்களை நிறுத்திவிடும் போன்கள் நிறைய இருக்கின்றன. எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதை புக் செய்யும்போதே பெரிய எழுத்தில் காட்டிவிடுங்கள்.

ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் தொட்டால், இருவருக்கும் ‘உறுதி’ என்று வந்துவிடக் கூடாது. ஓர் இடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே பதிவு என்ற கட்டுப்பாடு டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும். கணக்கில் எடுப்பதும் அவரவர் போன் காட்டும் நேரமாக இல்லாமல் சர்வர் நேரமாக இருக்க வேண்டும்.

மேசை எண்ணைப் பார்த்து யாரும் இடம் தேடுவதில்லை. பிளக் பாயிண்ட் எங்கே, ஃபேன் எங்கே என்றுதான் தேடுவார்கள். 2011-இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு எளிய வீட்டுப் பிள்ளைகள் கையிலும் லேப்டாப் வந்தது. அதற்கு முன்பே கட்டிய பல ஹால்களில் பிளக் சுவரோரம் மட்டும்தான். ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கோடையில், ஓடாத ஃபேனுக்குக் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்து, வேலை செய்வதை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. யார் எந்த சீட்டில் இருக்கிறார் என்பதை மற்ற மாணவர்களுக்குக் காட்டவே காட்டாதீர்கள். ‘உங்கள் நண்பர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்’ என்ற வசதி டெமோவில் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு மாணவி தினமும் மாலை ஐந்து மணிக்கு எந்த மூலையில் தனியாக இருப்பாள் என்பதை, அவளைத் தொந்தரவு செய்கிறவனுக்கும் அதே திரைதான் சொல்லும். வாரம் ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று துறைத் தலைவர்களும் பெற்றோரும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கிற இடமாகிவிட்டால் பிள்ளைகள் அங்கே நிம்மதியாக வந்து உட்கார மாட்டார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதலாமாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். அதனால் பதிவு எண், இடம், நேரம், இந்த மூன்றுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். சீட் புக் செய்கிற ஆப் கான்டாக்ட் பட்டியலையும் கேலரியையும் திறந்து பார்க்க அனுமதி கேட்கக் கூடாது. செமஸ்டர் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடுங்கள்.

பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் உண்டு; நிறத்தோடு ‘காலி’ என்ற எழுத்தும் இருக்கட்டும். மேசைகளை வெறும் படமாக மட்டும் கொடுத்தால், பார்வையில்லாத மாணவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக் வசதி எதையும் வாசித்துச் சொல்லாது, பட்டியலாகவும் கொடுங்கள். சக்கர நாற்காலி நுழையும் மேசைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் புது ஆப்பை இறக்காதீர்கள். செமஸ்டர் தொடக்கத்தில், கூட்டம் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு ஹாலில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து, இடம் கிடைத்தவர்களில் ஹாஸ்டல் எத்தனை, டே ஸ்காலர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மொத்தக் கணக்கு மட்டும் எடுத்து, கல்லூரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். டே ஸ்காலர் பங்கு குறைந்திருந்தால் புக்கிங் திறக்கும் நேரத்தையும் ஸ்லாட்டின் நீளத்தையும் உடனே மாற்றுங்கள்.