47 படிகள்

பாலங்களுக்கான வரைபடம் தயாரிப்பது என் தொழில். தருமபுரி மாவட்டத்தில் தண்டவாளத்தை ஒட்டிய ஓர் ஊரில், நடைமேம்பாலம் கட்டிய பிறகும் மக்கள் ஏன் கீழேயே கடக்கிறார்கள் என்று பார்க்கச் சென்றிருந்தேன். அன்று காலை கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கையில் ஏதேனும் ஒரு சுமை இருந்தது. பால் சொசைட்டிக்குப் போகும் கேன், தக்காளிக் கூடை, உருட்டிச் செல்லும் சைக்கிள், இடுப்பில் குழந்தை. கைத்தடியுடன் வந்த ஓர் ஆயாவிடம் பாலத்தைக் காட்டிக் கேட்டேன். "ஏறிக்கூடப் போயிடுவேன் சார், எறங்கறப்பதான் முட்டி தாங்கறதில்ல" என்றார். படியில் இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் கூடுதலாக விழுகிறது என்பதை அந்தப் பாலத்துக்கு வரைபடம் போட்டவர் யோசித்திருக்க மாட்டார். என் பழைய வரைபடங்களிலும் நான் யோசித்ததில்லை.

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அகல ரயில்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் கேட்டே இல்லாத ஒற்றையடிப்பாதைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012இல் அளித்த அறிக்கை, இப்படிக் கடப்பதால் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாகச் சொன்னது.

சேலம் – ஜோலார்பேட்டை மார்க்கத்தில் மொரப்பூர், பொம்மிடி, சாமல்பட்டி வழியாகச் செல்லும் பாதை இரட்டைப் பாதை, மின்மயமானதும்கூட. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் 30 மீட்டர் கடந்துவிடும். வளைவுக்கு அப்பால் 400 மீட்டரில் அது கண்ணில் பட்டால் நமக்குக் கிடைப்பது 13 வினாடிதான். இரண்டு தண்டவாளங்களையும் பாதுகாப்பாகக் கடக்க 10 மீட்டர் நடக்க வேண்டும். கருங்கல் ஜல்லியில் கால் புதைய நடக்கும் முதியவருக்கு அதற்கே 12 வினாடிக்குக் குறையாது. பேருருவான பொருள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவதும், ஒரு ரயில் போன கையோடு அதன் மறைவில் எதிர்ப்பாதையில் இன்னொன்று வருவதும் சேர்ந்துகொண்டால் அந்த ஒரு வினாடி மிச்சமும் போய்விடும். ஓட்டுநர் பார்த்துப் பிரேக் போட்டாலும் ரயில் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகலாம்.

ஆகவே பாலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்படிப்பட்ட பாலம் என்பதில்தான் தவறு நேர்கிறது. மேலே 25,000 வோல்ட் மின்கம்பி செல்வதால், ஆள் நடக்கும் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் அமையும். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 47 படிகள் ஏறி, 47 படிகள் இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு உரிய சாய்தளம் ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் கேட்கும்; அதனால் 84 மீட்டர். 9 மீட்டருக்கு ஒருமுறை ஒன்றரை மீட்டர் சமதளத்தில் இளைப்பாற இடம் விட வேண்டும் என்பதையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 98 மீட்டர் ஆகிவிடும். பத்து மீட்டர் நடையை இருநூறு மீட்டராக்கிவிட்டு, ஊர் மக்கள் ஒழுங்கில்லாதவர்கள் என்று சொல்வதில் நியாயமில்லை. இதற்கு மாற்றாக மின்தூக்கி வைக்கலாமே என்பார்கள். ஆளும் பராமரிப்பும் உள்ள ரயில் நிலையத்தில் அது சரி; ஊர் எல்லையில் ஆளில்லாத இடத்தில் முதல் பழுதோடு அது நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

நம் மாவட்டத்தின் மேடுபள்ளம் இங்கே கைகொடுக்கும். இருப்புப்பாதை மேட்டை வெட்டிச் செல்லும் இடத்தில் இரு கரைகளும் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால், பாலத்துக்கு ஏற வேண்டிய உயரம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். கரை எழுப்பிச் செல்லும் இடத்திலோ சுரங்கப்பாதையே நல்லது. ஆள் நடக்க இரண்டரை மீட்டர் உயரம் போதும். மேலே கூரைக்கும் ஜல்லிக்கும் இன்னும் ஒரு மீட்டர். கரை மூன்றரை மீட்டர் உயரமிருந்தால் பள்ளம் தோண்டாமல் தரைமட்டத்திலேயே போய்விடலாம், ஐப்பசி மழையில் நீர் தேங்கும் தொல்லையும் இராது. ஆனால் அத்தகைய இடம் பழைய ஒற்றையடிப்பாதையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் போக மாட்டார்கள். காலடித் தடம் எங்கே பதிந்திருக்கிறதோ அதற்கு அருகிலேயே தேட வேண்டும்; அதன் பிறகுதான் வேலி போட வேண்டும். பல இடங்களில் வேலி முதலில் வந்து, ஒரே வாரத்தில் அதில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதிகள் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. அதைச் சொல்லிச் சாய்தளம், இரண்டு உயரங்களில் கைப்பிடி, படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்புள்ள ஓடுகள், சைக்கிள் உருட்ட ஓரத்தில் பள்ளமான ஒரு காடி ஆகியவற்றை, உங்கள் ஊருக்குப் பாலம் கேட்டு ரயில்வேக்கு எழுதும் மனுவிலேயே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் நிதி இல்லை என்ற பதில்தான் வரும்.

மனுவை யாருக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் உண்டு. மொரப்பூர், பொம்மிடி பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் பாதையோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்துக்கு உரியது. "எங்கள் ஊர் அருகே" என்று மட்டும் எழுதினால் எந்த அலுவலகத்திலும் இடம் புரியாது. கடக்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள மின்கம்பத்தில் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். தண்டவாளத்துக்குள் இறங்காமல் வெளியே நின்று அதைக் குறித்துக்கொண்டு, காலை ஆறு முதல் ஒன்பது வரை கடப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் முதியோர், பள்ளிப் பிள்ளைகள், சுமையோடு வருவோர் எத்தனை பேர் என்ற கணக்கையும் மனுவோடு இணையுங்கள்.