நூறு தடவை குந்தி எழும்பியவர்

நல்லூரில் கொடியேறினால் எனக்குத் தெரிந்த ஜிம்களில் பாதி இளைஞர்களைக் காணக்கிடைக்காது. 25 நாளும் விரதம், ஒருநேரச் சாப்பாடு, மாலையில் கோவில். தீர்த்தம் முடிந்ததும் திரும்பி வருவார்கள். விட்ட இடத்துக்கும் ஒரு படி மேலே தொடங்குவார்கள். அடுத்த கிழமை இயன்மருத்துவரான எனக்கு வேலை கூடும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழக மாணவர். கதிரையில் இருக்கவே இரண்டு கையையும் ஊன்றினார்.

"என்ன செய்தீர், தம்பி?"

"குந்தி எழும்பினேன் சேர். வேறொன்றும் இல்லை. 60 கிலோவோடு பத்துப் பத்தாகப் பத்து செட்."

ஒரு நாளைக்கு ஒரே பயிற்சி, அதையே பல செட் என்பது கூடாத முறையல்ல. நாற்பது நிமிடம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு நானே அதைச் சொல்கிறேன். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது உடம்பு அதை நன்றாகப் பழகிக்கொள்ளும். பிழை கணக்கில்தான். 60 கிலோவை நூறு தடவை தூக்கினால் 6,000 கிலோ. ஒரு மாதம் சும்மா இருந்த தொடைகள் ஒரே மாலையில் 6 தொன் சுமந்திருக்கின்றன! பத்துக்குப் பத்து என்பது பல வருடம் பழகியவர்கள் தசையைப் பெருக்கக் கையாளும் முறை. பலம் வேண்டுமென்றால் பாரம் கூட, தடவை குறைய, ஓய்வு நீள வேண்டும். ஒரு தடவை மட்டும் 100 கிலோ தூக்கக்கூடியவர் 80 கிலோவை மூன்று மூன்றாக எட்டு செட் செய்தால் மொத்தம் 1,920 கிலோதான். செட்டுக்கிடையில் மூன்று நிமிடம் இருந்து மூச்சு வாங்கலாம். பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், தெரியட்டும்.

"எங்கள் அப்பப்பா கிணற்றில் தண்ணீர் இறைக்க நாள் முழுக்கத் துலா மிதித்தவர்" என்று சிலர் என்னிடம் வாதாடுவதுண்டு. உண்மைதான். ஆனால் அவர் சின்ன வயதிலிருந்தே மிதித்தவர்.

மாணவரிடம் வலியைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. சிறுநீரின் நிறத்தைக் கேட்டேன். "பிளேன்ரீ மாதிரி" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தால், அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். பாரத்தோடு கீழே இறங்கும்போது, தசை இழுபட்டுக்கொண்டே தாங்கும் அந்தப் பாதியில்தான் சேதம் அதிகம். அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தெரியவரும்: அசாதாரண வலி, வீக்கம், கறுத்த சிறுநீர். வெக்கையும் தண்ணீர் குடிக்காமையும் இதை மோசமாக்கும். இவர் போதாக்குறைக்கு வலிக்கென்று பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கி விழுங்கியிருந்தார். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. சில நாள் ஆஸ்பத்திரி விடுதியில் சேலைன் ஏற்றினார்கள், தேறிவிட்டார்.

வைத்தியர் அனுமதித்த பிறகு வெறும் உடம்போடு கதிரையில் இருந்து எழும்புவதில் மீண்டும் தொடங்கினோம். பாரம் தூக்கும் கட்டம் வந்தபோது நான் வைத்த கணக்கு இது: பத்துத் தடவை தூக்கக்கூடிய பாரத்தை எடுத்து ஐந்து தடவையோடு நிறுத்த வேண்டும். முதற்கிழமை மூன்று செட். கிழமைக்கு ஒரு செட் கூட்டி எட்டு வரை போகலாம், பிறகு பாரத்தைச் சற்று ஏற்றி மறுபடி மூன்றிலிருந்து. கிழமையில் ஒரு நாள் காலுக்கு, இரண்டு நாள் கழித்து இழுக்கும் பயிற்சி ஒன்று. குந்தி எழும்புவதை மட்டுமே செய்தால் முதுகும் தோளும் பின்தங்கிவிடும். எழும்பும் வேகம் விழுந்தாலோ, முழங்கால் உள்ளே சரிந்தாலோ, எத்தனையாவது செட் என்று பார்க்காமல் அன்றைக்கு நிறுத்த வேண்டும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டற்றின் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

போன கிழமை அந்த மாணவர் ஆறு செட் செய்ய வந்து நான்கோடு பாரத்தைக் கழற்றிவிட்டார். "இடது முழங்கால் உள்ளே போகுது சேர்" என்றார். நான் கவனிக்கவேயில்லை.