'அர்ப்பணிப்புப் பலகை' அல்ல, நேர்த்திக்கடன் தகடு

செனுனா என்ற பெண் தெய்வத்தைப் பற்றி அண்மையில் படித்த தமிழ்க் கட்டுரைகளில் எல்லாம் 'அர்ப்பணிப்புப் பலகைகள் கண்டெடுக்கப்பட்டன' என்றே இருக்கிறது. இனியும் பொறுக்க முடியவில்லை.

2002இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைரில், ஆஷ்வெல் ஊருக்கு அருகே உலோகம் காட்டும் கருவியோடு வயலில் தேடியவருக்கு 27 பொன், வெள்ளிப் பொருள்கள் கிடைத்தன. ரோமானியர் ஆட்சிக் காலத்தவை. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இப்படி ஒரு தெய்வம் வணங்கப்பட்டதே அதுவரை எவருக்கும் தெரியாது. பெயரை முதலில் 'செனுவா' என்று படித்தார்கள், பிறகு 'செனுனா' என்று திருத்தினார்கள். இலை வடிவத் தகடுகளில் ரோமானியத் தெய்வமான மினர்வாவின் உருவம் புடைத்து நிற்கிறது. பொறித்த பெயரோ செனுனா. மண்ணின் தெய்வத்துக்கு ஆள வந்தவர்களின் தெய்வ உருவம்.

இந்தத் தகடுகளை ஆங்கிலத்தில் 'வோட்டிவ்' என்ற அடைமொழியோடு குறிப்பார்கள். அதைத்தான் தமிழில் 'அர்ப்பணிப்பு' ஆக்குகிறார்கள். வேர், 'வோட்டும்' என்னும் லத்தீன் சொல்; தெய்வத்திடம் நேர்ந்துகொள்வது என்று பொருள். தேர்தலில் போடும் வோட்டுக்கும் வேர் அதுதான்.

இங்கேதான் 'அர்ப்பணிப்பு' சறுக்குகிறது. அர்ப்பணிக்க முன்வாக்கு எதுவும் தேவையில்லை. மனம் வந்தால் கொடுக்கலாம். ஒரு நூலைத் தாய்க்கு அர்ப்பணிப்பதும் அப்படித்தான். 'வோட்டும்' என்ற லத்தீன் சொல் குறிப்பது அப்படி அல்ல. 'இதை நடத்திக் கொடு, நான் இதைத் தருகிறேன்' என்று முதலில் வாக்கு. வேண்டியது நடந்தால் அந்த வாக்கு கடனாகிறது. செனுனாவின் வெள்ளிச் சிலையின் பீடத்தில் ஃபிளாவியா குனோரிஸ் என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. அதன் பின் வி, எஸ், எல், எம் என்று நான்கு எழுத்துகள். 'வோட்டும் சோல்விட் லிபென்ஸ் மெரிட்டோ' என்பதன் சுருக்கம். 'நேர்ந்ததை மனமுவந்து, தகுதியறிந்து செலுத்தினாள்.' 'சோல்விட்' கடன் தீர்ப்பதற்கும் வழங்கிய சொல். நாமும் நேர்த்தியைக் 'கடன்' என்கிறோம், அதைச் 'செலுத்துகிறோம்'. இவ்வளவு பொருந்தும் சொல் கையில் இருக்க, அகராதியில் எதையோ துழாவுவானேன்?

'காணிக்கை' என்று சொன்னால் என்ன குறை என்று கேட்பார்கள். பிழையில்லை, ஆனால் அது காண் என்பதன் வழி வந்தது, பெரியவரைக் காணும்போது வைப்பதையும் குறிக்கும். கடன் அதில் இல்லை. 'நேர்த்திக்கடன் நம்மூர்க் கோயில் வாடை அடிக்கிறது, அயல்நாட்டுக்கு ஒவ்வாது' என்றும் வாதிடுகிறார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் என்ன சொல்லைச் சொல்கிறார்கள்? நேர்ந்துவிட்ட கிடா என்றால் விளங்காத தமிழர் உண்டா? மக்கள் நாவில் உள்ள சொல் ஆய்வுக்குத் தகாது என்று நினைப்பதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த நோய்.

'பலகை' இன்னும் மோசம். பலகை என்றதும் மரம்தான் கண்ணில் நிற்கும். சமயபுரத்தில் கண்நோய் தீர்ந்தவர்கள் அம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கண்மலரை யாராவது பலகை என்பார்களா? மெல்லத் தட்டிய உலோகம் தகடுதான்.

ஆகவே, நேர்த்திக்கடன் தகடு. நீளம் என்று 'நேர்த்தித் தகடு' ஆக்கிவிட வேண்டாம். நேர்த்தியாகச் செய்த தகடு என்று பொருள் புரண்டுவிடும்.