கமிஷன் கேட்பவர் யாரும் சி.எஸ்.ஆர் பணம் வாங்கித் தரப்போவதில்லை

"கம்பெனியில நமக்கு ஆளிருக்குதுங்க. ட்ரஸ்ட் பேப்பரும் கேன்சல் செக்கும் மட்டும் குடுங்க, மீதிய நாங்க பார்த்துக்கறோமுங்க." காங்கேயம், கோபி, தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் படிப்பகமோ விளையாட்டு மன்றமோ நடத்தும் இளைஞர்களிடம் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி, வாங்கித் தருவதாக யாராவது ஒருவர் இப்படிப் பேசியிருக்கிறார். பிராசஸிங் ஃபீஸ் என்றும் ஃபைல் செலவு என்றும் முன்பணம் வாங்குகிறார்கள். பசங்க ஆளுக்கு ஆயிரம், ரெண்டாயிரம் போட்டுச் சேர்த்த பணம் அது. வாங்கியவரின் கைப்பேசி அதன்பிறகு எடுக்கப்படுவதில்லை. கிழிந்த பாயில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்காகச் சேர்த்த காசு இப்படிப் போவதைத் தணிக்கை மேசையில் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை. அதனால் இதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

சி.எஸ்.ஆர் என்பது டெல்லியிலோ சென்னையிலோ குவித்து வைத்திருக்கும் பணம் அல்ல. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு சொல்வது இதுதான்: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி தன் கடைசி 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கு, எந்த ஊரில், யார் மூலமாக என்பதை அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழு ஆண்டுத் திட்டமாக ஒப்புக்கொள்கிறது. கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போனது என்று அந்தக் கம்பெனியின் நிதித் தலைவர் சான்று தர வேண்டும். ஆண்டறிக்கையில் அது அச்சாகிறது. இந்த வரிசையில் நடுவில் நின்று பத்து சதவீதம் எடுக்க ஒருவருக்கும் இடமில்லை. உங்களிடம் வாங்கிய முன்பணம் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் சேராது.

இதைவிட மோசமான பேச்சு இன்னொன்று. "கணக்குல அம்பது லட்சம் விழும், முப்பதைப் பணமாத் திருப்பிக் குடுத்துருங்க, இருபது உங்களுக்கு." தம்பிகளே, இதற்கு ஒப்புக்கொண்டால் மாட்டுவது தரகர் அல்ல, காசோலையில் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். திருப்பிக் கொடுத்த முப்பது லட்சத்துக்கு என்ன பில் வைப்பீர்கள்? பொய்க்கணக்கு எழுதினால் வருமான வரிப் பதிவு ரத்தாகும், வழக்கும் வரும். ரிசர்வ் வங்கியில் வெளிநாட்டு நிதி முடங்கிக் கிடக்கிறது, உங்கள் ட்ரஸ்ட் பெயருக்கு விடுவித்துத் தருகிறோம் என்பதும் சுத்தப் பொய். ரிசர்வ் வங்கி எந்த அறக்கட்டளைக்கும் அப்படிப் பணம் விடுவிப்பதில்லை.

உழைத்ததற்குக் கூலி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதித் தருபவர், பதிவுகளைச் செய்து தரும் ஆடிட்டர் ஆகியோர் செய்த வேலைக்கு பில் போட்டுக் கட்டணம் வாங்கலாம். பணம் வந்தால் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த குழப்பம் நம் பகுதிக்கே உரியது. "அத்தனை பெரிய ஃபேக்டரி, சி.எஸ்.ஆர் இல்லைன்னு சொல்றாங்களே, மனசில்லை" என்று திருப்பூரிலும் கரூரிலும் அடிக்கடி கோபப்படுகிறார்கள். ஃபேக்டரிக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. 135-வது பிரிவு கம்பெனிக்கு மட்டும்தான். பின்னலாடை, வீட்டு உபயோகத் துணி, கோழிப்பண்ணை, மஞ்சள் மண்டி என்று நம் ஊர்த் தொழில்களில் கூட்டாண்மை நிறுவனங்களும் தனி உரிமையாளர்களும் ஏராளம். ஆயிரம் பேர் வேலை செய்தாலும் அது கூட்டாண்மை என்றால் சி.எஸ்.ஆர் கடமை கிடையாது. பெயரின் முடிவில் லிமிடெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்காக அந்த வாசலை விட்டுவிட வேண்டாம். கோவையில் நீர்நிலைகளைக் காக்கும் சிறுதுளி, திருப்பூரில் மரம் வளர்க்கும் வனத்துக்குள் திருப்பூர் போன்ற பணிகளுக்கு உள்ளூர்த் தொழிலதிபர்கள் கொடுத்துத்தான் வருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது 80ஜி நன்கொடை, அதாவது கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் நன்கொடை. அவர்கள் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை கொடுத்த நன்கொடையில் பாதி, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழியும். முதலாளி தன் சொந்தக் கணக்கில் புதிய வரிமுறையைத் தேர்ந்திருந்தால் அவருக்கு 80ஜி சலுகை கிடையாது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே நிறுவனத்தின் கணக்கிலிருந்தே காசோலை கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அவர்களுக்குச் சலுகை போய்விடும். வாங்கிய நன்கொடைப் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்றி, 10பிஇ சான்றிதழை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சான்றிதழ் கிடைக்காத நிறுவனம் அடுத்த ஆண்டு உங்களுக்குக் கொடுக்காது. கேட்கிற காலத்தையும் யோசியுங்கள். தீபாவளி போனஸ் பட்டுவாடா நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

சி.எஸ்.ஆர் கடமை உள்ள கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கையை இணையத்தில் எடுத்து சி.எஸ்.ஆர் இணைப்பைப் படித்துவிட்டுப் போங்கள். போன ஆண்டு எந்த மாவட்டத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. புகளூர்ப் பக்கத்துக் கிராமம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல்-லையும் கரூர் வைஸ்யா வங்கியையும் விட்டுவிட்டு மும்பைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது வீண் வேலை. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம்பிடிக்க, ஏப்ரலில் ஆண்டு தொடங்கும் முன்பே, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஒருநாள் கபடிப் போட்டி, மாரத்தான், விருது விழா இவற்றுக்கு சி.எஸ்.ஆர் கேட்காதீர்கள். ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சி கணக்கில் சேராது என்று 2014-லேயே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. அதே கபடியை ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சியாக, பயிற்சியாளர் சம்பளம், மேட், காலணி, சத்துணவு என்று கேட்டால் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி என்ற தலைப்பில் சேரும்.

இனி காகிதங்கள். பதிவுப் பத்திரம், பான், 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பதிவு), 80ஜி, தர்ப்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளத்தின் பதிவு எண்), 3 ஆண்டு தணிக்கை அறிக்கை, பிறகு சிஎஸ்ஆர்-1 (சி.எஸ்.ஆர் வேலை செய்யும் அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் பதிவு). இவையெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் எங்கே முட்டுகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர். பத்திரத்தில் 'ஸ்ரீ' இருக்கும், பான் அட்டையில் இருக்காது, வங்கிக் கணக்கில் 'சாரிட்டபிள்' கூடுதலாக இருக்கும். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் இழுக்கும்.

அடுத்தது நோக்கம். நம் பக்கத்தில் பல அறக்கட்டளைகள் கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், சேர்ந்து, குலதெய்வக் கோயிலை மையமாக வைத்து ஆரம்பித்தவை. நல்ல மனதோடு ஆரம்பித்ததுதான். ஆனால் பத்திரத்தில் "நம் கூட்டத்து மாணவர்களின் கல்விக்கு" என்று எழுதிவிட்டால் 80ஜி கிடைக்காது. ஒரு சாதிக்கு மட்டும் என்றிருந்தால் வரிவிலக்கே சிக்கலாகும். கும்பாபிஷேகச் செலவும் டியூஷன் செலவும் ஒரே கணக்கில் ஓடினாலும் ஆபத்து. 80ஜி பெற்ற அமைப்பு தன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதச் செலவு செய்யக் கூடாது. கோயிலுக்குத் தனி அமைப்பு, பிள்ளைகளின் படிப்புக்குத் தனி அமைப்பு என்று பிரித்துவிடுங்கள். அறங்காவலர்கள் அத்தனை பேரும் அப்பா, அம்மா, மருமகன் என்று ஒரே வீட்டிலிருந்து வேண்டாம், கொடுப்பவர்கள் தயங்குவார்கள்.

தற்காலிக 12ஏபி பதிவு 3 ஆண்டுக்குத்தான். அது முடிய 6 மாதத்துக்கு முன்போ, பணி தொடங்கிய 6 மாதத்துக்குள்ளோ, எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "மூணு வருசம் இருக்குதுல்ல" என்று விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடி வருகிறார்கள். தயவுசெய்து அந்தத் தேதியை மன்றத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதோடு, நீங்கள் கேட்கும் வேலையில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். போன மாதம் பதிந்த ட்ரஸ்டுக்கு இந்த மாதம் சி.எஸ்.ஆர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் 3 ஆண்டு சும்மா காத்திருக்கவும் வேண்டாம். கம்பெனி தானே நேரடியாகச் செலவு செய்ய விதியில் இடம் உண்டு. அரசுப் பள்ளிக்கு பெஞ்சும் கழிப்பறையும் வேண்டுமென்றால், தலைமையாசிரியர் கடிதத்தோடு போய், கம்பெனியையே வாங்கித் தரச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இதற்கான வழிதான். பணம் உங்கள் கணக்குக்கு வராது, பிள்ளைகளுக்கு வேலை நடந்துவிடும். ரோட்டரி சங்கத்தின் நிதியுதவியும் இப்படித்தான்: சங்கம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நீங்கள் அல்ல. அதன் குளோபல் கிராண்டுக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர். சின்ன வேலை என்றால் டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் பற்றிக் கேளுங்கள். ஊர்ப் பொதுச் சொத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். அதில் டியூஷன் ஆசிரியர் சம்பளம் கேட்க முடியாது.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், வங்கி வழியாக அனுப்பும் அவருடைய சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்வது எந்த நாட்டுப் பணமானாலும் தப்பு. ட்ரஸ்ட் கணக்கின் க்யூஆரை அச்சடித்து ஒட்டுங்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கம் போதும். "கிராமப்புற மாணவர்களின் ஒட்டுமொத்த முன்னேற்றம்" என்று எழுதி 25 லட்சம் கேட்பதைத்தான் முதலில் ஓரம் வைப்பார்கள். கேட்கும் தொகை எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 40 பிள்ளைகளுக்கு 10 மாதம் மாலைப் படிப்பகம் என்றால்: ஆசிரியர் இருவருக்கு மாதம் 4,000 வீதம் 80,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் மாதம் 5,000 வீதம் 50,000. நோட்டு, புத்தகம் பிள்ளைக்கு 600 வீதம் 24,000. 200 நாளைக்குச் சுண்டல், பிள்ளைக்கு 8 ரூபாய் வீதம் 64,000. மின்கட்டணம் 5,000. கணக்கு, தணிக்கை 12,000. கூட்டினால் 2,35,000. எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,46,750. பிள்ளை ஒன்றுக்கு மாதம் சுமார் 617 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை மேலே, தடித்த எழுத்தில் போடுங்கள். ஊர்ச் சமுதாயக் கூடம் வாடகையின்றிக் கிடைக்கிறது என்றால் அதையும் உங்கள் பங்காக எழுதி, ஊராட்சியின் அனுமதிக் கடிதத்தை இணையுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் பயந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சி.எஸ்.ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. உங்கள் படிப்பகத்தை நடத்த நேரடியாக ஆகும் சம்பளத்துக்கு அது பொருந்தாது. கூச்சப்படாமல் எழுதுங்கள். சம்பளம் எழுதாத படிப்பகத்தில் நாலு மாதத்தில் ஆசிரியர் நின்றுவிடுவார்.

பணம் வந்தபின் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாகக் கொள்ளப்படாது. சுண்டலுக்குப் பட்டாணி வாங்கிய மளிகைக் கடைச் சீட்டையும் தேதியோடு ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகைப் பதிவேட்டு நகலோடு அறிக்கை அனுப்புங்கள். பிள்ளைகள் படம் போடுவதென்றால் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுக்கு ஒதுக்கியதை நாற்காலிக்கு மாற்ற வேண்டி வந்தால், செலவு செய்யும் முன்பே கடிதம் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். மார்ச்சில் பணம் மிஞ்சினால் அவசரமாக ஃப்ளெக்ஸ் அடித்துத் தீர்க்க வேண்டாம். மீதி இவ்வளவு, காரணம் இது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, திருப்பி அனுப்பட்டுமா என்று மார்ச் முதல் வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.