மடக்கு சைக்கிளின் செயின் வீல்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

சிறு சக்கர மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒரு புதிய செயின் வீலை, அதாவது மிதியோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரத்தை, கையில் பிடித்தபடிதான் வந்து சேர்கிறார்கள். பல் எண்ணிக்கை சரியாக இருக்கும். துளைகள் மட்டும் கிராங்கோடு (மிதியைத் தாங்கும் கையோடு) சேராது. அண்மையில் அப்படி வந்த ஒருவர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த 52 என்ற எண்ணைப் பார்த்து வாங்கியிருந்தார். அதன் கீழே பொடி எழுத்தில் 110 என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அவருடைய கிராங்கோ 130 மி.மீ. வகையைச் சேர்ந்தது.

இந்த 110, 130 என்பவை போல்ட் துளைகளின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டத்தைக் குறிக்கின்றன. ஐந்து போல்ட் உள்ள கிராங்கில் இதை நேராக அளக்க வழியில்லை, ஏனெனில் எந்தத் துளைக்கும் நேர் எதிரே இன்னொரு துளை இருப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 1.7 ஆல் பெருக்கினால் விடை கிடைத்துவிடும்: 76.4 மி.மீ. வந்தால் 130, 64.7 மி.மீ. வந்தால் 110. துளையின் மையத்தைக் கண்ணால் ஊகிப்பதைவிட, ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளப்பது நம்பகமானது. இரண்டும் ஒரே தூரம்தான். நான்கு போல்ட்டும் சம இடைவெளியில் இருந்தால் 1.414 ஆல் பெருக்க வேண்டும். இடைவெளிகள் சமமாக இல்லாத நான்கு போல்ட் கிராங்குகளும் உள்ளன. அவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது, அந்தக் கிராங்குக்கென்றே செய்யப்பட்ட வீலைத்தான் தேட வேண்டும்.

போல்ட்டே இல்லாமல் போகவும் கூடும். விலை குறைந்த மடக்கு சைக்கிள்கள் பலவற்றில் செயின் வீல் கிராங்கோடு சேர்த்து ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் வீலை மட்டும் தேடுவது வீண் அலைச்சல்; கிராங்கையே மாற்ற வேண்டும், புதியது பழைய அச்சில் சரியாக அமர்கிறதா, பற்கள் பின்சக்கரப் பற்களின் நடுவரிசைக்கு நேராக நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் அளவுக்கு முன்பாக நான் கேட்கும் கேள்வி வேறு: இதை ஏன் மாற்ற விரும்புகிறீர்கள்? தேய்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் சிலரே. "சமதளத்தில் கால் சும்மா சுற்றுகிறது, வேகம் ஏறவில்லை" என்பதுதான் பெரும்பாலோரின் குறை. அதற்கு மருந்து பெரிய செயின் வீல் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 40-406 என்று அச்சிட்டிருந்தால் ரிம்மின் விட்டம் 406 மி.மீ., டயரின் அகலம் 40 மி.மீ.; சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 1.53 மீட்டர் நகரும். (20 அங்குலம் என்ற பெயரில் 451 ரிம்மும் விற்கப்படுகிறது, 16 அங்குலத்திலும் 305, 349 என இரண்டு உண்டு. ஆகவே அங்குலத்தை நம்பாமல் டயரில் உள்ள எண்ணைப் பாருங்கள்.) முன்னால் 52 பல், பின்னால் 14 பல் முதல் 28 பல் வரையிலான ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) என்று வைத்துக்கொண்டால், மிக வேகமான கியரில் ஒரு மிதிச்சுற்றுக்கு 5.7 மீட்டர் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 27 கி.மீ. பின்னால் உள்ள சிறு பல்சக்கரம் 11 ஆனால் அதே மிதிக்கு 34 கி.மீ.க்கு மேல் போகலாம். இந்தப் பலனை முன்னால் மட்டும் மாற்றிப் பெற வேண்டுமானால் 66 பல் வீல் தேவைப்படும். ஒவ்வொரு கூடுதல் பல்லும் வீலின் ஆரத்தை 2 மி.மீ. கூட்டுகிறது என்பதால், 66 பல் வீல் எல்லாப் பக்கமும் 28 மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சிக்கலுக்காகவே சிறு சக்கரங்களுக்கென்று ஷிமானோ ஒருகாலத்தில் கேப்ரியோ என்ற பெயரில் 9 பல்லில் தொடங்கும் கேசட்டை (பின்பல்சக்கர அடுக்கின் இன்னொரு வகை) செய்தது. இப்போது அதன் தயாரிப்பு இல்லை. 11 பல்லில் தொடங்கும் ஃப்ரீவீல்கள் கிடைக்கின்றன. சிறு பல்சக்கரம் விரைவில் தேயும் என்பது உண்மைதான், இருந்தாலும் வேகம் வேண்டுவோருக்குப் பின்பக்கத்தை மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

மேடு ஏற முடியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிர். பின்னால் 34 பல் போட்டால் அதற்கேற்ற நீளமான டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) வேண்டும், சிறு சக்கரத்தில் அது தரையை ஒட்டித் தொங்கும், நடைபாதை விளிம்பில் அடிபடும். முன்னால் 52-ஐ 44 ஆக்கினால் மிக இலகுவான கியர் 2.8 மீட்டரிலிருந்து 2.4 மீட்டராகக் குறைந்துவிடும். 130 வகைக் கிராங்கில் 38 பல் வரை இறங்கலாம், அதற்குக் கீழே இடமில்லை. பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு 44, 50, 54 என்ற அளவுகள் தயாராகவே இருக்கின்றன. பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே கியர்கள் அடங்கிய ஹப் கியர் சைக்கிளில் பின்பல்சக்கரத்தை மாற்றுவது இன்னும் எளிது. ஆனால் முன் பின் விகிதம் எவ்வளவு வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த வரம்பைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பற்கள் நொறுங்கும்.

மடிப்பைச் சோதிக்க மறந்து நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். 56 பல் வீலைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, திருப்தியோடு உரிமையாளரிடம் ஒப்படைத்தேன். அவர் என் கண்முன்னே மடித்து நிறுத்தியபோது சைக்கிள் தன் தாங்கியின் மேல் நிற்காமல், செயின் வீலின் பற்கள் மேல் நின்றது. தரையில் கரிய எண்ணெய்க் கோடு விழுந்தது. இப்போதெல்லாம் வேலையைத் தொடங்கும் முன்பே சைக்கிளை மடித்து, பற்களுக்கும் தரைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்கிறேன்.

மடிக்கும்போது செயின் தொய்ந்து உள்பக்கம் நழுவுவதும் இந்த வகை சைக்கிள்களுக்கே உரிய தொல்லை. இரட்டை வீல் கிராங்கிலிருந்து கழற்றிய வீலில், செயின் எளிதாக ஏறி இறங்குவதற்காகச் சில பற்கள் வேண்டுமென்றே குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அதைத் தனியாகப் போட்டால் செயின் ஓயாமல் கழலும். அகலமும் ஒல்லியும் மாறி மாறி வரும் பற்களைக் கொண்ட வீலோ, இருபுறமும் காப்புத் தகடு உள்ள வீலோ வாங்குவது நல்லது. தடிமனையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கியர் மாற்றும் மெல்லிய செயின் 3.2 மி.மீ. வீலில் உட்காராது.

நான்கு பல் குறைந்தால் செயினில் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். பழைய செயினையே போடுவதானால் முதலில் இழுத்துப் பிடித்து 24 இணைப்புகளை அளந்து பாருங்கள். புதியதில் அது 304.8 மி.மீ.; 306.3-ஐத் தாண்டியிருந்தால் அந்தச் செயினைப் புதிய வீலில் ஏற்றாதீர்கள், சில வாரங்களிலேயே பற்களைத் தன் வடிவத்துக்குத் தேய்த்துவிடும். புதிய செயினைப் போட்ட பின் ஒவ்வொரு கியரிலும் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கியரில் மட்டும் செயின் துள்ளினால், பின்னால் அந்தப் பல்சக்கரமும் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.