முழங்காலுக்குப் பின்னால் ஒரு வட்டம்

போன ஆகஸ்ட்டில் ஒரு மாணவர் மருத்துவரான என்னைப் பார்க்க வந்தார். மதுரைப் பக்கத்துப் பையன், இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்குப் படிக்க வந்து பத்து மாதம் இருக்கும். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கால்சட்டையைச் சுருட்டி முழங்காலின் பின்புறத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

"படர்தாமரை சார். அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்ததுமே சொல்லிட்டாங்க. ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைப் பத்து நாளாப் போடுறேன், கேட்கவே மாட்டேங்குது."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். போனில் பார்த்திருந்தால் எங்கள் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் விரலால் தடவிப் பார்த்தபோது ஓரத்தில் செதில் இல்லை. படர்தாமரையில் ஓரம் மேடாக, பொடிப்பொடியாக உதிரும். அரிப்பு தூங்க விடாது. இது வழவழவென்று இருந்தது. அரிக்கிறதா என்று கேட்டேன். "பெரிசா இல்ல சார்." முதலில் எவ்வளவு பெரிதாக இருந்தது? "ஒரு ரூபாய்க் காசு அளவு."

சமீபத்தில் எங்காவது மலைக்குப் போனீர்களா என்றதும் முகம் மலர்ந்தது. நண்பர்களோடு கிண்டர் ஸ்கவுட் போயிருக்கிறார், அரைக்கால் சட்டையில். நடந்து நான்கு வாரம் ஆகப்போகிறது. எதுவும் கடித்ததாக நினைவில்லை என்றார். அதில் ஆச்சரியமில்லை.

கடித்தது உண்ணி. நம் ஊரில் மாட்டின் காதுமடலில் கடலைப்பருப்பு போலத் தொங்குமே, அதன் உறவுதான். ஆனால் இங்கே மனிதரை அதிகம் கடிப்பது உண்ணியின் இளம்பருவம். கசகசா விதை அளவுதான் இருக்கும், அதைக் கருப்பு மச்சம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். கடிக்கும்போது வலிக்காது. சிலவற்றின் உடலில் பொரீலியா என்ற பாக்டீரியா இருக்கும். அது நம் உடலுக்குள் போனால் வருவது லைம் நோய். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்ற ஊரின் பெயர் அது. எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை (உண்மையிலேயே ஒருவர் கேட்டார்).

கிண்டர் ஸ்கவுட் எனக்குப் பழகிய மலை. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மிக உயரமான இடம். 636 மீட்டர்தான், கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மலை என்றதும் கூம்பாக ஒரு சிகரத்தை நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். உச்சி முழுக்கத் தட்டையான மேட்டுநிலம், மரமே கிடையாது, கால் வைத்தால் அமுங்கும் கருப்புச் சேறு. பீட் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதாக மக்காமல் தேங்கிய பாசியும் புல்லும்தான் அது. இப்படிப்பட்ட நிலத்துக்கு மூர் என்று பெயர்.

ஜூலையில் நானும் மனைவியும் மகளும் போய்வந்த சுற்றுப்பாதையைச் சொல்கிறேன், எந்த இடத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும். ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கினால் காரே தேவையில்லை. அங்கிருந்து மேய்ச்சல் நிலங்களின் நடுவே அப்பர் பூத் என்ற சிற்றூர். அப்புறம் சிறிய கல்பாலம் தாண்டி ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிகள். மூச்சு வாங்குவது அங்கே மட்டும்தான். மேலே ஏறி கிண்டர் லோ என்ற இடத்தில் 633 மீட்டர் உயரத்தில் நிற்கும் நில அளவைத் தூண்வரை போய்த் திரும்பி, விளிம்போடு கிழக்கே நடந்தால் ஊல்பேக்ஸ் பாறைகள். காற்றும் மழையும் செதுக்கிய கற்கள் யானைக் கூட்டம் படுத்திருப்பது போல இருக்கும். மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக கிரைண்ட்ஸ்லோ நால் குன்றிலிருந்து இறங்கினால் மறுபடி ஈடேல். மொத்தம் 13 கிலோமீட்டர் அளவில் இருக்கும், நிதானமாக ஐந்து மணி நேரம்.

ஒரு காலத்தில் இந்த மலையில் பொதுமக்கள் கால் வைக்க முடியாது. பணக்காரர்கள் குரவுஸ் என்ற காட்டுக்கோழியை வேட்டையாடுவதற்காக மூடி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அப்படி வாங்கிக் கொடுத்த பாதையில் நம்மவர்கள் பலர் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, புளியோதரை சாப்பிட்டு, நாலு படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். உண்ணியைப் பற்றி எழுதுவதால் போகாதீர்கள் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, உண்ணி எங்கே இருக்கும்? உச்சியில் இருக்கும் வெறும் கரிச்சேறும் பாறையும் அதற்கு உகந்த இடமல்ல. அதற்கு ஈரமும் நிழலும் வேண்டும், கடந்து போக ஆடோ மானோ வேண்டும். ஆகவே கவனம் கீழ்ச்சரிவில்தான்: கோடையில் இடுப்பளவு வளரும் பிராக்கன் பெரணி, ஆடு மேயும் நீண்ட புல், ஹெதர் புதர். உண்ணி பறக்காது, தாவாது. இலை நுனியில் முன்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். நம் மாணவர் மேலே ஐந்து மணி நேரம் நடந்தபோது கடித்திருக்க வாய்ப்பு குறைவு. இறங்கியதும் ஓடைக்கரைப் பெரணிக்குள் அரை மணி நேரம் மல்லாந்து படுத்திருந்தார்களாம்.

இந்த நாட்டில் நியூ ஃபாரஸ்ட், ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ் போன்ற இடங்கள்தான் லைம் நோய்க்கு அதிகம் பேர்போனவை. பீக் டிஸ்ட்ரிக்ட் அந்த வரிசையில் முன்னால் இல்லை. கடித்த உண்ணிகளில் பெரும்பாலானவை நோய் தருவதும் இல்லை. ஆனாலும் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிறது. தோலைப் பார்த்தே மருந்து கொடுக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தோல் என்றதும்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். லைம் நோயின் தடிப்பு பற்றி எந்தக் கையேட்டைத் திறந்தாலும் வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்பு வளையம், நடுவில் ஒரு புள்ளி, அம்பெய்யும் பலகை மாதிரி. நான் படித்த புத்தகங்களிலும் அதே படம்தான். நம் தோலில் அப்படித் தெரிவதில்லை. மாநிறத்தில் அது மங்கிய ஊதாவாக, பழுப்பாக, அடிபட்டுக் கன்றிய இடம் போல இருக்கலாம். கருத்த தோலில் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஓரமே தெரியும். வளையம் இல்லாமல் முழுத் திட்டாகவும் வரும். ஆகவே நிறத்தைத் தேடாதீர்கள், வளர்ச்சியைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள், பக்கத்தில் காசு வைத்துப் படம் எடுங்கள். இரண்டு மூன்று நாளில் கோட்டைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். கடித்த மறுநாளே வந்து, சிறிதாக அரித்து, இரண்டு நாளில் அடங்கினால் அது வெறும் கடித்தடம். லைம் தடிப்பு பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் வரும், சிலருக்கு அதற்கும் பிந்தி வரும், சிலருக்குத் தடிப்பே வராது. மலைக்குப் போய்வந்த சில வாரத்தில் காரணம் தெரியாத காய்ச்சல், அசதி, முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது என்று வந்தாலும், மலைக்குப் போனதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் மருத்துவர் கேட்க மறந்துவிடலாம், நானே மறந்திருக்கிறேன்.

அந்த வளரும் தடிப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் பரிசோதனை எதிர்மறையாகவே வரக்கூடும், அதில் தேடுவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை, அது உருவாக வாரங்கள் ஆகும். மாணவருக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இருவேளை, 21 நாள் எழுதினேன். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைஃபசுக்கும் இதே மருந்துதான். ஆனால் அது வேறு நோய், வேறு பூச்சி, தழும்பும் வேறு, சிகரெட்டால் சுட்டது போலக் கருப்பாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேறு மருந்து உண்டு, அலமாரியில் மிச்சமிருப்பதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும், கறுப்புத் தோலுக்கும்தான்.

எங்கள் நடைக்கு வருவோம். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டோம், பார்க்கக் கோமாளித்தனம்தான். வெளிர்நிறத் துணி, ஊர்வது தெரியும். கீழே 24 டிகிரி, கிண்டர் லோவில் காற்றோடு சேர்ந்து உடம்பு நடுங்கியது. ஜூலைதானே என்று மேல்சட்டை எடுக்காமல் போனால் வம்பு. மேலே மூடுபனி இறங்கினால் பாதை மறைந்துவிடும், காகித வரைபடம் வேண்டும். அவசரம் என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும்.

வீடு திரும்பியதும் குளிக்கப் போகும் முன் ஒருவரை ஒருவர் பார்த்தோம்: முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு வார் இறுகிய இடம், குழந்தை என்றால் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும்.

"என்னங்க, இங்க வாங்க. இது மச்சமா?"

மகளின் காதுக்குப் பின்னால் ஒரு கசகசா. கூர்ந்து பார்த்தேன், கால்கள் அசைந்தன. மனைவி தேங்காய் எண்ணெயை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். எண்ணெய், மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு எதுவுமே கூடாது. எரிச்சலில் அது தன் எச்சிலை உள்ளேயே விட்டுவிடக்கூடும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது. இடத்தைச் சோப்பால் கழுவினேன். உண்ணியை ஒட்டுநாடாவில் ஒட்டி அதன் மேல் தேதி எழுதினாள் மகள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் நாலு வாரம் தொங்கியது, தினமும் காலையில் பல் தேய்த்ததும் காதை மடக்கிக் காட்டுவாள். ஒன்றும் வரவில்லை.

மாணவர் 21 நாள் முடித்துவிட்டு வந்தபோது வட்டம் மறைந்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "சார், அம்மாகிட்ட இதை என்னன்னு சொல்றது?" உண்ணிக்கடி என்றே சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும் என்றேன்.